மனிதக் கை படாத வெள்ளக் காட்சி

டொலீடோ, ஒஹாயோ
2022 ஜனவரி 9

லோர்னா,

டேல் வோய்ச்சிக் எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால் நன்றி. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சுற்றி வளைக்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றும் அதே தொழில்தான். பழைய பொம்மை, பழைய சினிமாச் சாமான். சந்தையில் மடக்கு மேஜை போட்டு விற்றவனுக்கு இப்போது சொந்தக் கடை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். போன நவம்பரில் இண்டியானாவில் ஒரு சேமிப்பு அறையை ஏலத்தில் எடுத்தேன். வாடகை கட்டாமல் யாரோ விட்டுப் போனது. மெத்தைகளுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. அதற்குள் நாலடி நீளத்தில் ஒரு சுவர். மரச்சட்டத்தின் மேல் சாந்து பூசி, கட்டைவிரல் நகம் அளவில் ஜன்னல்கள் வைத்த துறைமுகச் சுவர்.

சனிக்கிழமைகளில் என் கடையில் ஒரு கூட்டம் கூடுகிறது. 'செம்பிறைத் துறைமுகம்' முன்கதைப் படங்கள் மூன்றையும் தலையில் தூக்கிவைத்து ஆடும் கூட்டம். ஆமாம், அதில் முதல் படத்தைத்தான் நான் நம் ரசிகர் பத்திரிகை 'கலங்கரை'யில் ஏழு பக்கம் கிழித்தேன். நமக்கு முதலில் வந்த மூத்த மூன்று படங்கள் எப்படியோ, எட்டு வயதில் முன்கதையைப் பார்த்த இவர்களுக்கு அது அப்படி. கூட்டத்தின் தலைவி மரிசோல், ஆம்புலன்ஸில் முதலுதவி வேலை பார்க்கிறவள். சுவரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"பெருசு, இது வெள்ளம் வர்ற சுவர்."

"போம்மா. அந்தக் காட்சி முழுக்கக் கம்ப்யூட்டர். நானே எழுதியிருக்கேன்."

"நீங்க எழுதிட்டா ஆயிடுமா?"

போனில் அந்தக் காட்சியை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினாள். மூன்றாம் வரிசையில் கதவு பெயர்ந்து தொங்கும் ஒரு ஜன்னல். சுவரிலும் மூன்றாம் வரிசையில் அதே ஜன்னல், அதே கோணத்தில்.

சுவரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பலகையில் வண்ணப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் பெயர். 'பழைய தேநீர்'. 'மழைக்குப் பிந்திய செங்கல்'. 'ஈர நாய்'. ஒரு சாம்பல் நிறத்துக்கு ஈர நாய் என்று பெயர் வைக்கிற ஆளை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். 'கலங்கரை' அட்டைக்கு என் அப்பாவின் வண்டிக் கொட்டகையில் நீ மை கலக்கும்போது அந்தப் பெயரைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன்.

நீதானா, லோர்னா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவில் ஒருவர் இதைக் கேட்கிறார். பூசியவரின் கையெழுத்தோடு ஒரு சான்று இருந்தால் மூன்று மடங்கு தருவாராம். எழுதிக் கொடுத்தால் உனக்குப் பாதி.

டேல்


டுலூத், மினசோட்டா
2022 ஜனவரி 24

அச்சுக்கல்ல

திரு. வோய்ச்சிக் அவர்களுக்கு,

மேலே எழுதியிருப்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். ரசிகர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. அச்சுக்கல்ல என்று தலையில் போட்டால் ஆசிரியர் அதைப் பிரசுரிக்கக் கூடாது. இரண்டாயிரத்தில் நான் உங்களுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தின் தலையிலும் அதே சொல் இருந்தது.

ஆம், நான்தான். அந்தச் சுவர் மொத்தம் முப்பத்தாறு அடி. உங்களிடம் இருப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. நாங்கள் பதினோரு பேர் கட்டினோம். வண்ணம் என்னுடையது, ஒன்பது மாதம். தண்ணீரைச் சின்னதாக்க முடியாது என்பதால் மாதிரிச் சுவரைப் பெரிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒரே தடவைதான் தண்ணீரைத் திறந்தோம். நனைந்த கல் எந்த வேகத்தில் கறுக்கும் என்று தெரிந்துகொள்வதற்காகவே இரண்டு மாதம் செங்கற்களைத் தொட்டியில் முக்கி முக்கி எடுத்தேன்.

நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம். "மனிதக் கை படாத வெள்ளம். யாரோ ஒரு சோம்பேறி பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான்."

ஐந்து வருடத்துக்கு வாய் திறக்கக் கூடாது என்று, சுவரைக் கட்டிய பட்டறையில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால்தான் கலிபோர்னியாவில் வேலை என்பதற்கு மேல் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. கடிதத்திலும் நாலு வரிதான். வெள்ளக் காட்சியைப் பற்றி நீ எழுதியது தவறு, எனக்குத் தெரிந்த காரணத்தால் சொல்கிறேன், விவரம் கேட்காதே. அதை நீங்கள் வாசகர் பக்கத்தில் போட்டீர்கள். அடியில் உங்கள் பதில்: "லோர்னாவுக்குப் படக் கம்பெனி மேல் காதல் வந்துவிட்டது. காதலுக்குக் காரணம் கேட்கக் கூடாதாம்."

நானூறு பிரதிதான். அதில் ஒன்று பட்டறைக்கு வந்தது. 'எனக்குத் தெரிந்த காரணம்' என்ற வரியை யாரோ பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். ரகசியத்தை வெளியே விட்டேன் என்று அடுத்த இரண்டு படங்களுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. வேறு பட்டறைகளுக்கும் பேச்சு போயிருந்தது.

இப்போது பல் செய்யும் கூடத்தில் வேலை. செயற்கைப் பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நிறத்தைக் கொண்டுவருவது. நன்றாகவே செய்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் கழித்து வரும் முதல் கடிதத்தில் சான்று கேட்கிறீர்கள். தரமாட்டேன்.

லோ. ஹாஸ்கெட்


டொலீடோ
2022 பிப்ரவரி 2

லோர்னா,

அரிசோனாக்காரருக்குச் சான்று கிடையாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு முடிந்தது.

உன் வேலை போனது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு சமாதானம் இல்லை என்று எழுதும்போதே தெரிகிறது. தலையில் இருந்த சொல்லை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். நண்பர்களுக்குள் என்ன, அவள் சிரிப்பாள் என்று நினைத்துப் போட்டேன். அந்த மாதம் என் விமர்சனத்தை உள்ளூர்ச் செய்தித்தாள் எடுத்துப் போட்டிருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் செய்தது கேவலம். மன்னித்துவிடு.

இதற்கு மேல் அழகாக எழுதத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த வாரத்தில் கடையை இரண்டு நாள் மூடிவிட்டு முன்கதை மூன்றையும் திரும்பப் பார்த்தேன். மரிசோல் கூட்டம் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே வேவு பார்த்தது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பதினைந்து வயதில் மூத்த படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இருந்த டேலைத் திருப்பிக் கொடு என்று கேட்டுத்தான் தியேட்டருக்குப் போயிருக்கிறேன். எந்தப் படத்தாலும் முடிகிற காரியமில்லை. கடைக்கு வந்து இப்படி ஒருவன் கேட்டால் நானே வெளியே அனுப்பிவிடுவேன்.

இந்தத் தடவை ஒன்று கண்ணில் பட்டது. துறைத் தலைவன் ஆஸ்ரிக் எப்படிக் கொடுங்கோலன் ஆனான் என்று மூன்று படம் காட்டுகிறார்கள். அப்போது சலித்தது. அலுவலகம், கூட்டம், கையெழுத்து, இதுதானா என்று கேலி செய்தேன். இப்போது பார்த்தால் அந்த ஆள் எந்த இடத்திலும் கெட்டவனாக முடிவெடுக்கவே இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு நல்ல காரணத்துக்குத்தான் கையெழுத்துப் போடுகிறான். முதல் படத்தின் கடைசியில் மதகைத் திறக்கிற உத்தரவிலும் அப்படியே. பிறகு உன் சுவர் வந்தது. தண்ணீர் தொடுவதற்கு முன்னால், சாரல் காற்றிலேயே கல் கறுக்கிறது. அதைச் செய்தது நீ. அதைத்தான் நான் பொத்தான் என்றேன்.

மரிசோல் கேட்டாள், "இப்ப என்ன சொல்றீங்க பெருசு?"

"நாப்பது மார்க்னு போட்டேன். எழுபது தரலாம்."

"இன்னும் முப்பது எங்க?"

"அந்தக் காதல் வசனத்துக்கு மைனஸ். விடமாட்டேன்."

இன்னொரு விஷயம். இதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. பெட்டியைத் திறந்த அன்றே, பின்பக்கம் பார்ப்பதற்கு முன்னால், இடது கீழ் மூலையை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தேன். எது வந்தாலும் முதலில் துடைப்பது என் பழக்கம். இருபது வருஷ அழுக்கு என்று நினைத்தேன். ஒரு கை அகலத்துக்கு வெள்ளைச் சாந்து தெரிகிறது.

டேல்


டுலூத்
2022 பிப்ரவரி 15

அச்சுக்கல்ல

டேல்,

சோப்பு.

அந்த வரியைப் படித்துவிட்டு வெளியே போய் வாசலில் பனியை வாரினேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். முதல் தடவை என் வேலையை இயந்திரத்தின் வேலை என்றாய், இரண்டாம் தடவை அழுக்கு என்றாய். பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று என் கூடத்தில் ஒருத்தியிடம் கேட்டேன். "எடுத்துக்கலாம், ஆனா அந்தாளு கையில கொஞ்ச நாளைக்குத் துணி குடுக்காதீங்க" என்றாள்.

நீங்கள் என்று எழுத இந்தக் கடிதத்தில் மறந்துவிட்டேன். திருத்தப் போவதில்லை.

நீ இப்போது வேறு பக்கம் சாய்கிறாய் போலிருக்கிறது. கவனம். இணையத்தில் இளசுகள் எழுதுவதைப் பார்க்கிறேன். எல்லாமே மகத்தானது, அப்போது யாருக்கும் புரியவில்லை என்கிறார்கள். அதுவும் பொய்தான். முதல் படம் அரை மணி நேரம் கூடுதல். தும்மிக்கொண்டே வரும் அந்தக் கிப்பிப் பிராணியை நான் படப்பிடிப்பிலேயே பார்த்தேன், அங்கேயே யாரும் சிரிக்கவில்லை. காதல் வசனம் எழுதினவரை ஒரு நாள் உணவுக்கூடத்தில் பார்த்தேன், அவரே பாவமாக இருந்தார். மூன்றாவது படத்தில் கம்ப்யூட்டர் நிஜமாகவே நிறைய, அதில் பாதி அவசரத்தில் செய்தது. நீ திட்டினதில் பாதி சரி, டேல். அதனால்தான் மீதிப் பாதி என்னை அவ்வளவு சுட்டது. அக்கறையாகப் பார்க்கிறவன் சொல்கிறான் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

மன்னிப்பு கிடைத்தது. அதை உன் கடிதத்தோடு மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஆனால் நீ என்னைப் பற்றிப் பேசியது நானூறு பேரிடம். எனக்கு மட்டும் தனியாகச் சொல்லி முடித்துக்கொண்டால் எப்படி?

'கலங்கரை' இன்னும் ஒரு இதழ் வரட்டும். தாளில். பழைய சந்தாதாரர்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோருக்கும். அதே ஏழு பக்கம், படங்களின் நல்லதும் கெட்டதும். என்னைத் தூக்கிவைத்து எழுதாதே. வெள்ளத்தை யார் செய்தார்கள் என்று எழுது, பதினோரு பேரின் பெயரும் கீழே இருக்கிறது. ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தைப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒன்றை மட்டும்.

லோர்னா


டொலீடோ
2022 மார்ச் 20

லோர்னா,

இதழ் இத்துடன். ஆறு வாரம் ஆகும் என்று நினைத்தேன், இரண்டு வாரத்தில் முடிந்தது; பதில்கள் வரட்டும் என்று உன் பிரதியை மட்டும் நிறுத்தி வைத்தேன். நானூறு முகவரியில் இருநூற்றுப் பதினெட்டுதான் தேறியது. எழுபது உறை திரும்பி வந்துவிட்டது. முப்பத்தொரு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் இன்னும் முன்கதையை மன்னிக்கத் தயாராக இல்லை. க்ளீவ்லாந்து ஹெர்ஷல் உனக்கு ஞாபகம் இருக்கும், மாநாட்டில் கிப்பி வேஷத்தில் வந்தவனைத் தள்ளிவிட்டவன். "நீயுமா டேல்?" என்று ஒரே வரி. பதிலுக்கு நானும் ஒரே வரி எழுதினேன்: "நான்தான் முதல்ல தப்பா சொன்னேன், அதனால நான்தான் முதல்ல திருத்தணும்."

ஐந்தாம் பக்கத்தில் மூன்றாவது படத்தை நன்றாகக் குத்தியிருக்கிறேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. அந்த முடிவு எனக்கு இன்றும் ஒட்டவில்லை.

ஜூன் நடுவில் இங்கே ஆற்றங்கரை ஹோட்டலில் ரசிகர் மாநாடு. 'முன்கதைகள்: இப்போது என்ன சொல்கிறோம்' என்று ஒரு அமர்வு. சுவரை வைக்கச் சொல்கிறார்கள். வெள்ளை மூலையோடு வைக்க எனக்கு மனசில்லை. வேறு யாரையும் தொடவிடவும் மாட்டேன். நீ வந்து பூசுவாயா? எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றால் தனி அறை. பயணச் செலவு என்னுடையது.

டேல்


டுலூத்
2022 ஏப்ரல் 2

டேல்,

இதழை இரண்டு தடவை படித்தேன். ஏழாம் பக்கத்தில் பதினோரு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போட்டிருக்கிறாய். சரியாகச் செய்திருக்கிறாய். எங்கள் தச்சர் ஆம்ப்ரோஸின் மகள் எங்கிருந்தோ என் எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். அப்பா இறந்து ஆறு வருடமாம். அவர் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம்.

நான் வரவில்லை. பிடிவாதம் இல்லை. இருபது வருடமாக நான் பூசும் பரப்பு ஒரு பல்லின் அளவு. அகலத் தூரிகை பிடிப்பதைக் கை மறந்துவிட்டது. அத்தனை பேர் நல்லவிதமாகப் பேசிக்கொண்டு நிற்கும்போது அந்த மூலை மட்டும் ஒட்டுப்போட்டதுபோல வந்தால் அதைத் தாங்க மாட்டேன்.

கலவை முறையை எழுதி அனுப்புகிறேன். ஐந்து பூச்சு. நாலாவதைப் பாதி காயும்போது ஈரக் கடற்பஞ்சால் தொட வேண்டும். மரிசோலின் கை நடுங்காது என்றால் அவள் செய்யட்டும்.

லோர்னா


டொலீடோ
2022 ஏப்ரல் 11

லோர்னா,

சுவரைத் தொடவில்லை. முதலில் சாந்துப் பலகை வார்த்து அதில் முயன்றோம். புகைப்படம் இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் மரிசோல் செய்தது, ஈர நாய் இல்லை, செத்த நாய். வலது பக்கம் நான் செய்தது. அது எதைப்போல இருக்கிறது என்று அவள் சொன்னதை எழுத முடியாது.

ஆம்புலன்ஸில் தினம் ஊசி போடுகிற கை அவளுடையது. அவளே சொல்கிறாள், "முறை சரியாத்தான் இருக்கு பெருசு. எப்ப நிறுத்தணும்னு அதுல எழுதலையே. அது அவங்களுக்குத்தான் தெரியும்."

வியாபாரியாகப் பேசுகிறேன். ஒட்டுப்போட்டதுபோல வரலாம். வந்தால் வரட்டும். பூசியவளே இருபது வருஷம் கழித்து ஒட்டுப்போட்ட மூலை அது. அதைப் பார்த்து ஒருவன் முகம் சுளித்தால் அவனுக்குச் சுவரைக் காட்டவே வேண்டாம். ஜூன் 18 வரை மூலை வெள்ளையாகவே இருக்கும். பத்து மணிக்குக் கீழ்த்தளச் சின்ன அறையில் மேஜை, விளக்கு, தண்ணீர் வைத்திருப்பேன். நீ வராவிட்டால் வெள்ளையோடு வைத்து, சோப்புப் போட்ட முட்டாள் நான்தான் என்று அட்டை எழுதி வைப்பேன்.

டேல்


டுலூத்
2022 ஜூன் 26

டேல்,

வீடு வந்து சேர்ந்தேன். வழியில் சிகாகோ தாண்டியதும் கார் ஒரு தடவை மக்கர் செய்தது, மற்றபடி சுகம்.

அந்தச் சின்ன அறையின் கதவைத் திறந்து வைத்தது நான்தான், நீ இல்லை. இதை மரிசோலிடமும் சொல்லிவிடு, அவள் உன்னைத் திட்டினது எனக்குக் கேட்டது. முதல் இரண்டு பூச்சுக்குக் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு பின்னால் ஒரு குரல், "அவங்க ஏன் ஓரத்தை விட்டுட்டு நடுவுல ஆரம்பிக்கிறாங்க?" என்று யாரிடமோ கேட்டது. தண்ணீர் நடுவில்தான் முதலில் தொடும் என்று திரும்பாமலே சொன்னேன். சொன்னபோதே கைக்கும் ஞாபகம் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நாற்பது பேர்.

மூலை அப்படியே பொருந்திவிடவில்லை. எனக்குத் தெரிகிறது, உனக்கும் தெரிந்தது, நீ சொல்லாமல் இருந்ததைக் கவனித்தேன். வெளிச்சம் இடமிருந்து விழும்போது கொஞ்சம் நீலம் அடிக்கிறது. இருக்கட்டும்.

சுவரை விற்றுவிடு. கடையில் மாட்டிவைத்துக் கும்பிடாதே. நல்ல விலைக்கு விற்று, ஆம்ப்ரோஸின் மகளுக்கு ஒரு பங்கு அனுப்பு. எனக்கான பங்கைக் கீழே எழுதியிருக்கும் சாமானாகக் கொடு. வாங்குகிறவரின் சீட்டில் பதினோரு பெயரும் இருக்க வேண்டும். இடது மூலை 2022-ல் மறுபடி பூசப்பட்டது, காரணம் சோப்பு என்பதையும் எழுது. அதைச் சொன்னால் விலை குறையும் என்று நினைக்கிறாய். குறையாது, பார்.

மூன்றாவது படத்தைப் பற்றி ஹோட்டல் முற்றத்தில் நீ சொன்னதற்கு இப்போதுதான் பதில் தோன்றுகிறது. முடிவு ஒட்டவில்லை என்றாய். ஆஸ்ரிக் அழுதிருக்க வேண்டும் என்றாய். அழுதிருந்தால் மூத்த படத்தில் அவன் அப்படி நின்றிருக்க மாட்டான். உன் குறை முடிவில் இல்லை, அதற்கு முந்திய பத்து நிமிஷத்தில் இருக்கிறது. திரும்பப் பார்த்துவிட்டு எழுது. ஒத்துக்கொள்ளத் தேவையில்லை, காரணம் சொன்னால் போதும்.

மரிசோல் உன்னிடம் சொல்லியிருப்பாள். அவளும் கூட்டமும் பன்னிரண்டு நிமிஷப் படம் ஒன்று எடுக்கிறார்கள். முன்கதைக்கும் முன்னால் நடந்த கதை, ஆஸ்ரிக் பிறப்பதற்கு முன் அந்தத் துறைமுகத்தில் முதல் விளக்கை ஏற்றியவர்களைப் பற்றி. ஐந்தடி உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டித் தருவேனா என்று கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மில்வாக்கி வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். கூடத்தில் வாரம் நாலு நாள் போதும் என்று சொல்லியாயிற்று. வேலைக்கு இடம் வேண்டும் என்று என் வண்டிக் கொட்டகையிலிருந்து காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டேன்.

எனக்கு வேண்டியவை: ஒட்டிச் செய்கிற பழைய டாங்கிப் பொம்மைப் பெட்டிகள் பத்து, துண்டு குறைந்திருந்தாலும் பரவாயில்லை. சக்கரங்களைத் தனியே பிரித்து அனுப்பு, ஜன்னல் சட்டத்துக்கு ஆகும். உடைந்த கடிகாரங்கள், எவ்வளவு கிடைத்தாலும். எதையும் துடைக்காதே.

சீக்கிரம் அனுப்பு. ஏரிக்காற்று திரும்புவதற்குள் சாந்து காய வேண்டும், எங்கள் ஊரில் அதற்கு இன்னும் எட்டு வார வெயில்தான் இருக்கிறது.

லோர்னா